பேய் செய்த குறுக்கு விசாரணை

பேய்ப் படம் என்றால் நான் மேட்னி ஷோவுக்குத்தான் போவேன். காரணம் எளிது — படம் முடிந்து வெளியே வரும்போது வெயில் அடிக்க வேண்டும். வெயிலில் பேய் பின்னாலேயே வராது என்று உனக்கு யார் சொன்னது என்று என் கணவர் கேட்பார். யாரும் சொல்லவில்லை. நானாக நம்பிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் சில நம்பிக்கைகளை நோண்டிப் பார்க்கக் கூடாது.

அப்படித்தான், கிரிவலத்துக்கு வந்த பௌர்ணமிக் கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போய், செங்கம் ரோட்டில் மறுபடியும் இடிபடாமல் நடக்க முடிந்த ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு புதுப் படத்துக்குப் போனேன். துணைக்கு மலர்விழி. என் சித்தி மகள். வக்கீல். திருவண்ணாமலை கோர்ட்டில் குடும்ப வழக்குகளாகப் பார்த்துப் பார்த்து, யார் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

பேய்ப் படத்துக்கு எதற்கு வக்கீல் என்கிறீர்களா? படமே அதுதான்!

மனைவியைக் கொன்றதாக ஒருத்தன் மேல் வழக்கு. ‘நான் கொல்லவில்லை, அவளுக்குள் இருந்த பேய்தான் கொன்றது’ என்கிறான். அரசு வக்கீல் வாய்விட்டுச் சிரிக்கிறார். உடனே ஹீரோயின் — அவர்தான் அவனுக்கு வக்கீல் — ‘அப்படியானால் அந்தப் பேயையே விசாரிக்க அனுமதி வேண்டும், யுவர் ஆனர்’ என்கிறார். அனுமதியும் கிடைத்துவிடுகிறது! இறந்தவளின் தங்கை மேல் பேய் இறங்கி, கூண்டில் ஏறி நிற்கிறது... ஃபேன் தானாக நிற்கிறது... ஜட்ஜின் மூக்குக் கண்ணாடி விரிசல் விடுகிறது...

நான் முன் சீட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மலர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எங்க ஜட்ஜுங்ககிட்ட சுத்தியலே கிடையாது. இவரு இன்னா, ஆசாரி மாதிரி தட்டிக்கிட்டே இருக்காரு?”

“ஸ்ஸ்... பேசாம படத்தைப் பாரு.”

“பேய்க்கு சம்மன் யாருக்கா கொண்டுபோய்க் குடுத்தது? அதைக் காட்டவே இல்லையே.”

முன் வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். நான் எனக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு சீன் வந்தது. கிராமத்துக் கோயில் வாசல். பூசாரி ஒருவர் உடுக்கை அடித்தபடி, தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கும் அந்தத் தங்கையைக் கேட்கிறார் — யார் நீ, உன் ஊர் என்ன, பேர் என்ன, உனக்கு என்ன வேண்டும்? அவ்வளவுதான் சீன். ஃபேன் நிற்கவில்லை, கண்ணாடி உடையவில்லை. ஆனால் மலரின் சிரிப்பு நின்றுவிட்டது.

இடைவேளையில் கேன்டீனில் பாப்கார்னை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “கோர்ட்டு சீன் பூரா ரீலுக்கா. பேயைக் கேள்வி கேக்கறாங்க பாரு, அது மட்டும் அப்படியே இருக்குது.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீ எங்க பார்த்தே?”

“இன்னும் பார்க்கல, சொல்லக் கேட்டதுதான். வர்ற அமாவாசைக்குப் பார்க்கப் போறேன். என் கட்சிக்காரப் பொண்ணுக்குத்தான் பேயோட்டறாங்க. நீயும் கூட வர்றியா?”

பாப்கார்ன் தொண்டையில் சிக்கிக்கொண்டது. படத்தின் இரண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை. அந்தப் பேய் ஜெயித்ததா தோற்றதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மலர் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டு கேன்டீன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் வேண்டாம். கீழ்பென்னாத்தூர் பக்கம் என்பதோடு விட்டுவிடுங்கள்.

சுகன்யா என்று ஒரு பெண். பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் பிரபு சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறான். நிலம், மாடு, மாடி வீடு என்று வசதியான குடும்பம். மாமியார் ஊரில் நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிற பெண்மணி. பஞ்சாயத்து என்றால் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

அந்த வீட்டின் பின்கட்டில் மல்லாட்டை மூட்டை — வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் — அடுக்கி வைக்கிற ஓர் அறை இருக்கிறது. சுகன்யா எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் அதற்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார் மாமியார். ‘கொஞ்ச நேரம் உள்ள கிடந்தா தானா புத்தி வரும்.’ அடி உதை எதுவும் கிடையாது. அதனால் ஊரில் யாருக்கும் அது கொடுமையாகத் தெரியவில்லை.

அவள் முழுகாமல் இருந்தபோதும் ஒருநாள் அப்படித்தான் பூட்டினார்கள். வயிறு வலிக்கிறது என்று உள்ளேயிருந்து கத்தியிருக்கிறாள். பிரபு வெளியூர் லோடுக்குப் போயிருந்தான். காலையில்தான் கதவு திறந்தது. குழந்தை தங்கவில்லை.

அதன் பிறகு அம்மா வீட்டுக்கு வந்தவள், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மலரிடம் வந்துவிட்டாள். குடும்ப வன்முறை வழக்கு. அந்த வீட்டுக்கு என்னை அனுப்பக் கூடாது, அவர்கள் என்னைத் தேடி வரக் கூடாது — அவள் கேட்டது இவ்வளவுதான்.

பெற்றவர்களுக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மகள் கஷ்டப்பட்டதற்கு அல்ல. மகள் கோர்ட்டுக்குப் போனதற்கு!

இந்தச் சமயத்தில்தான் அவள் நடவடிக்கை மாறியது. வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. குளியலறைக் கதவைக்கூட. திடீரென்று எழுந்து, யாரோ மாதிரி ஒரு குரலில் தண்ணீர் கேட்பாள். சொம்பில் கொடுத்தால் போதாது. குடத்தைத் தூக்கி அப்படியே வாயில் வைத்துக்கொள்வாள். குடித்து முடித்ததும் பெற்ற தாயைப் பார்த்து, ‘நீ யாரு?’ என்பாள்.

விஷயம் சம்பந்தி வீட்டுக்கு எட்டியது. அவர்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ‘அதானே பார்த்தோம்! கோர்ட்டுக்குப் போனது நம்ம பொண்ணு இல்ல. அவளைப் பிடிச்ச காத்து கருப்புதான் போயிருக்குது’ என்றார்கள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு வசதியான தீர்ப்பு! மருமகள் மேல் தப்பில்லை. மாமியார் மேலும் தப்பில்லை. எல்லாப் பழியும் பேய் மேல். பேய் வந்து அவதூறு வழக்கா போடப்போகிறது?

சுகன்யாவின் அப்பாவுக்குக்கூட அதில் ஒரு நிம்மதி. மலரிடமே வந்து சொல்லியிருக்கிறார்: “எம் பொண்ணு அப்பிடிப்பட்டவ இல்லைங்க மேடம். இதெல்லாம் அது பண்ற வேலை. அமாவாசைக்கு ஓட்டிட்டு, அப்பிடியே அவங்க வூட்டுக்கு அனுப்பிடறோம். அடுத்த வாய்தாவுக்கு வந்து வாபஸ் வாங்கிப்பா.”

அதாவது, அமாவாசை அன்று பேய் போய்விட்டால், சுகன்யா மறுபடி அந்த அறைக்குப் போகிறாள்.

“டாக்டரைப் பாருங்கன்னு சொன்னேன்க்கா. கேக்கல. நான் தடுத்தா, வக்கீலம்மா காசுக்கு ஆசைப்பட்டுப் பேயை விட மாட்டேங்குதுன்னு சொல்லுவாங்க. கூட நிக்கறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல. நீ பத்திரிகையில எழுதறவ, நீயும் வந்தா கொஞ்சம் தயங்குவாங்க” என்றாள் மலர்.

என் எழுத்தைப் பார்த்து மனிதர்களே தயங்கியதில்லை. இருந்தாலும் போனேன்.

அமாவாசை. நல்ல உச்சி வெயில். ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி ஓர் அம்மன் கோயில். பக்கத்தில் பெரிய புளியமரம். தூரத்தில் பார்க்கும்போது மரப்பட்டையில் ஏதோ பூச்சி அப்பியிருக்கிறது என்று நினைத்தேன். கிட்டே போனால்... ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு கொத்து முடி. சில முடி கறுப்பாக, சில செம்பட்டையாக, சில வெயில் பட்டுப் பட்டு நார் மாதிரி. அத்தனையும் பெண்களின் முடி.

நான் வெயிலில் பேய் வராது என்று சொன்னேன் அல்லவா? அங்கே பேய்க்கு உச்சி வேளைதான் நேரமாம்.

சம்பந்தி வீட்டார் காரில் வந்திருந்தார்கள். காரைக் கோயில் வாசலிலேயே திருப்பி நிறுத்தி, பின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். பேய் இறங்கியதும் பெண் ஏற வேண்டியதுதான் பாக்கி. மாமியார் பட்டுப்புடவையில் வந்திருந்தார். பேய்க்குக் கொடுத்தனுப்ப ஒரு கோழி, ஒரு சிவப்புப் புடவை, வளையல் எல்லாம் தயாராகக் கூடையில் இருந்தன. பிரபு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். அவர்கள் பக்கத்து வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தாராம் — அவள் ஆடுவதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொள், புத்தி சரியில்லை என்று காட்ட உதவும் என்று. ஒருவேளை வாபஸ் வாங்காமல் போய்விட்டால்?

சுகன்யாவைத் தலைமுடி விரித்து, கோயில் வாசலில் உட்கார வைத்தார்கள். மெலிந்த பெண். தலை குனிந்தே இருந்தது. மலர் போய் அவள் தோளைத் தொட்டாள். அவள் நிமிரவில்லை.

உடுக்கை அடிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை நேரில் கேட்டிருக்கிறீர்களா? காதில் கேட்காது... வயிற்றில் கேட்கும். நான் மலரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். இம்முறை அவள் கிண்டல் செய்யவில்லை.

பூசாரி வேப்பிலையை ஓங்கினார். “யாரு நீ?”

வேப்பிலை அவள் தோளில் இறங்கியது.

“ஊரு இன்னா? பேரு இன்னா? எந்த எடத்துல இவளைப் பிடிச்சே? சொல்லு!”

பேர், ஊர், சம்பவ இடம்... மலர் என் காதில், “சாட்சிக் கூண்டுல நாங்களும் இதைத்தான் முதல்ல கேப்போம்” என்றாள்.

சுகன்யாவின் உடம்பு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. ஆட்டம் வேகமாகி, சட்டென்று நின்றது. தலை நிமிர்ந்தது. படத்தில் வருவதுபோல் கத்தல், சிரிப்பு, கரகரத்த ஆண் குரல் எதுவும் இல்லை. அடுப்படியிலிருந்து கூடத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி, மெதுவான குரலில் சொன்னாள்:

“வசந்தி.”

சுகன்யாவின் அம்மா அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூசாரிக்கும் அது வெறும் பேர். ஆனால் சம்பந்தி வீட்டார் நின்ற பக்கம் அப்படியே அடங்கிப்போனது. எனக்குப் பின்னால் நின்ற அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, “ஐயோ... மூத்தவ” என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மலர் அந்த ஊர்ப் பெண்ணை மெல்ல விசாரித்தாள். அந்த வீட்டின் மூத்த மருமகளாம் வசந்தி. கல்யாணமான வருடமே செத்துப்போனாள். எப்படி? ‘வயித்து வலி தாங்காம.’ மூத்த மகன் பெங்களூருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுப்பதில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது.

வசந்தி எந்த வீட்டுப் பெண் என்று பூசாரிக்கும் அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் தன் வழக்கப்படி அடுத்த கட்டத்துக்குப் போனார். அவருடைய முறை இது — பேய் கேட்பதைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். தருகிறோம் என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டும். செத்தவள் எந்த வீட்டுப் பெண்ணோ அந்த வீட்டார்தான் செய்ய வேண்டும். செய்துவிட்டு மீறினால், அது அவர்கள் வம்சத்தையே பிடித்துக்கொள்ளும். என்ன கேட்கும் என்று தெரியாமலே செய்ய வேண்டிய சத்தியம்! எந்த வக்கீலாவது இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட விடுவாரா?

“உங்க வூட்டுப் பொண்ணும்மா. நீங்கதான் கை வைக்கணும்” என்றார் மாமியாரைப் பார்த்து.

மாமியாரின் முகத்தில் பட்டுப்புடவையின் மினுக்கம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. வந்து, கற்பூரத்தின் மேல் கையை நீட்டினார். “எது கேட்டாலும் குடுத்துடறோம் தாயி. என் மருமவளை வுட்டுட்டுப் போயிடு.”

“சொல்லும்மா” என்றார் பூசாரி. “இன்னா வேணும்? கோழியா? பொடவையா?”

“எனக்குக் கேக்கணும்.”

“கேளு. அதான் தர்றோம்னு சொல்லிட்டாங்களே.”

“பொடவை வேணாம். அவளை... கேள்வி கேக்கணும்.”

பூசாரியின் கை உடுக்கையிலேயே நின்றுவிட்டது. அவர் அனுபவத்தில் பேயைத்தான் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். பேய் யாரையும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆனால் சத்தியம் செய்தாகிவிட்டதே! கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

சுகன்யா மாமியாரைப் பார்த்தாள். அதே மெதுவான குரல்.

“கதவுக்கு வெளிய தாப்பா போட்டது யாரு?”

மாமியாரின் உதடு அசைந்தது. “நான்தான்.”

“உள்ளேருந்து தண்ணி கேட்டேனா?”

“கேட்டே.”

“உனக்குக் காதுல வுழுந்துச்சா?”

இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சுகன்யாவும் அவசரப்படவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நல்ல வக்கீல்கள் அப்படித்தான் காத்திருப்பார்கள் என்று மலர் பிற்பாடு சொன்னாள். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை.

“வுழுந்துச்சுடி... வுழுந்துச்சு...”

“தொறந்தியா?”

அந்தப் பெண்மணி அப்படியே மண்ணில் சரிந்தார். பட்டுப்புடவையோடு, பஞ்சாயத்தில் தனக்கு நாற்காலி போடுகிற ஜனங்கள் எதிரில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “தொறக்கலடி. நீ நடிக்கறேன்னு நெனச்சேன். விடிஞ்சி பார்த்துக்கலாம்னு போய்ப் படுத்துட்டேன். விடிஞ்சப்போ நீ இல்ல. தப்புதான். மன்னிச்சுடு தாயி... என் புள்ளைங்களை ஒண்ணும் பண்ணிடாத...”

பிரபுவின் கை கீழே இறங்கிவிட்டது. செல்போன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது முன்பே தெரியுமா தெரியாதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பூசாரி வேலையை முடித்தார். ஒரு கொத்து முடியை வெட்டி, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார். சுகன்யா மயங்கிச் சரிய, மலர் ஓடிப்போய் அவளை மடியில் தாங்கிக்கொண்டாள். பேய் போய்விட்டது என்று பூசாரி அறிவித்தார்.

இனி? கார் நின்றுகொண்டிருக்கிறது. பின் கதவு திறந்தே இருக்கிறது. பேசி வைத்தபடி பெண்ணை ஏற்ற வேண்டும். நான் சுகன்யாவின் அப்பாவைப் பார்த்தேன். அதுவரை சம்பந்தியம்மாவின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர், மெல்ல நடந்து காரிடம் போனார். கதவைச் சாத்தினார்.

“நீங்க கெளம்புங்க சம்பந்தி. எம் பொண்ணு வரமாட்டா.”

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். மகள் சொன்னாள், இந்த மனிதர் நம்பவில்லை. வக்கீல் சொன்னாள், நம்பவில்லை. வயிற்றில் இருந்த பேரப்பிள்ளை போனது, அப்போதும் நம்பவில்லை. செத்துப்போன எவளோ ஒருத்தி வந்து சொன்ன பிறகுதான் காதில் ஏறியது. நம் ஊரில் ஒரு பெண் உண்மை பேசினால், முதலில் செத்துப்போய்விட்டு வா என்கிறோமா?

அடுத்த வாய்தாவுக்கு நானும் கோர்ட்டுக்குப் போனேன். சினிமா கோர்ட் போல் இல்லை. மின்விசிறிகளின் கடகடப்பில் யார் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல், மனுதாரருக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீடியோ ஏதாவது தாக்கல் செய்கிறார்களா என்று மலர் கேட்டதற்கு, அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்றார். பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

மாஜிஸ்திரேட் சுகன்யாவைக் கூப்பிட்டுக் கேட்டார். “வழக்கை வாபஸ் வாங்குறீங்களாம்மா?”

அவள் ஏதோ சொன்னாள். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா சொல்லுங்க. யாருக்கும் பயப்பட வேண்டாம்.”

“இல்லைங்க. வாங்கல” என்றாள் சுகன்யா. பிறகு நடந்ததையெல்லாம் தன் பேரில், தன் வாயால், திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். அவளை அந்த வீட்டார் நெருங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. அவள் அப்பா வெளியே வராந்தாவில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அரைகுறை தைரியத்தோடு கேட்டேன். “சுகன்யா... வசந்தி பத்தி உனக்கு யார் சொன்னாங்க?”

“பேரு மட்டும் பக்கத்து வீட்டு அக்கா ஒருவாட்டி சொல்லியிருக்காங்க.”

“மத்தது? பூட்டினது, தண்ணி கேட்டது எல்லாம்?”

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “அந்த ரூம் கதவுல உள்பக்கம், கீழ, பெயின்ட் உரிஞ்சி கோடு கோடா இருக்கும்க்கா. பூனை பிறாண்டினதுன்னு அத்தை சொல்லுவாங்க. எனக்கு வயிறு வலிச்ச அன்னிக்கு நிக்க முடியாம கதவோரமா தரையில படுத்துட்டேன். அப்போ அந்தக் கோட்டுல என் விரலை வச்சுப் பார்த்தேன்.” தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். “அஞ்சு விரலும் கரெக்டா உக்காந்துச்சு.”

நான் என் கிளாஸையும் கீழே வைத்தேன்.

“அப்போ... அன்னிக்குக் கோயில்ல கேட்டது நீதானா?”

“தெரியலக்கா. உடுக்கை அடிச்சது ஞாபகம் இருக்குது. அப்புறம் மலர் மேடம் மடியில கண்ணு முழிச்சதுதான். நடுவுல நான் பேசுனதா எல்லாரும் சொல்றாங்க.”

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் கதை என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். போன வாரம் மலரின் வாட்ஸப்புக்கு ஒரு வீடியோ வந்தது. பிரபுவின் நம்பர். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வீடியோ மட்டும். அந்த வீட்டில் அவனுக்கும் தூக்கம் போய்விட்டது போலிருக்கிறது.

மலரும் நானும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். பகல் நேரம்தான். உடுக்கைச் சத்தம் தெளிவாக இருக்கிறது. பூசாரி கேட்பது இருக்கிறது. எனக்குப் பின்னால் நின்ற பெண் ‘ஐயோ, மூத்தவ’ என்றதுகூட இருக்கிறது. ‘நான்தான்’ என்கிறார் மாமியார். ‘கேட்டே’ என்கிறார். ‘வுழுந்துச்சுடி’ என்கிறார். ‘தொறக்கலடி’ என்று கதறி விழுகிறார். எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

கேள்விகள் இல்லை.

ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் சுகன்யா மாமியாரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். முடி முகத்தை மறைத்திருப்பதால் உதடு அசைகிறதா என்று தெரியவில்லை. மெதுவாகத்தான் பேசினாள், வெட்டவெளி, சாதாரண போன்... இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் பிரபு அவளுக்குப் பக்கத்தில் நின்றான். நாங்கள் அவனைவிடத் தள்ளி நின்றோம். எங்களுக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

மலர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். வசந்தியின் சாவை மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும் என்று அமாவாசையிலிருந்து துடித்துக்கொண்டிருப்பவள் அவள். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டா செல்லாது, மாஜிஸ்திரேட்கிட்ட ஒத்துக்கிட்டா செல்லும்னு படிச்சிருக்கேன். பேய்கிட்ட ஒத்துக்கிட்டா இன்னா பண்றதுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லக்கா. அதுலயும் இதுல வெறும் பதிலுதான் இருக்குது. கேள்வி கேட்டது யாருன்னு ஜட்ஜ் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?”

நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனாலும் அன்று வாயில் வந்தது இது:

“பதில்தான் கையில இருக்கே மலரு... கேள்வியை இந்தவாட்டி நீ கேளு.”